மூலிகையும் முத்திரையும்: மரபுவழி மருத்துவம் நலவாழ்வுத் தொழிலாவது குறித்து, நுரைச்சோலையை முன்வைத்து ஒரு நோக்கு

1. நோக்கம்

புத்தளம் கடனீரேரிக்கும் இந்து சமுத்திரத்துக்கும் இடையே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டில், மணற்பாங்கான மேற்குக் கரையோரமாக அமைந்துள்ள ஊர் நுரைச்சோலை. கடல் நுரையையும் சோலையையும் ஒருங்கே நினைவூட்டும் அப்பெயரைக் கேட்டமாத்திரத்தே இன்று இலங்கையர் பெரும்பாலோரின் நினைவில் எழுவது அனல்மின் நிலையமே. 2011இல் முதலாவது அலகும் 2014இல் இறுதி அலகும் இயங்கத் தொடங்கிய அந்நிலையம் 900 மெகாவாற் கொள்ளளவுடையது. ஆயின், புகைபோக்கி எழுமுன்னரும் எழுந்த பின்னரும் இப்பகுதி மக்களின் வாழ்வு பெரும்பாலும் மீன்பிடியையும், கிணற்று நீர் கொண்டு செய்யப்படும் தோட்டச் செய்கையையும் சார்ந்தே நிற்கின்றது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்தில் வந்து குடியமர்ந்தனர். அதனால் நிலத்தின் மீதும் தொழில்வாய்ப்பின் மீதும் ஏற்பட்ட நெருக்கடி இக்குடாநாட்டிலும் உணரப்பட்டது.

இத்தகைய ஊரொன்றிலே, மரபுவழி மூலிகை அறிவை முதலாகக் கொண்டு ஒருவர் சிறு தொழிலொன்றைத் தொடங்க இயலுமா? அவ்வாறு தொடங்கின் அத்தொழில் யாருக்குப் பயன்படும்? இவ்விரு வினாக்களையுமே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுகின்றோம். தலைக்கு வைக்கும் எண்ணெய், மூலிகைத் தேநீர், வேது, ஒத்தடம், எண்ணெய்ப் பூச்சு, மகப்பேற்றின் பின்னரான பராமரிப்பு முதலானவற்றைப் பொருளாகவோ சேவையாகவோ விற்கும் முயற்சி இன்று உலகெங்கும் 'நலவாழ்வுத் தொழில்' என வழங்கப்படுகின்றது. கற்பிட்டி, ஆலங்குடா கரைகளிலே சுற்றுலா விடுதிகள் பெருகியமையால் அதற்கான சந்தையும் நுரைச்சோலைக்கு அண்மையிலேயே உண்டு. எனவே முதல் வினாவுக்கு விடை 'இயலும்' என்பதே. நாம் பெரிதும் கவனஞ் செலுத்த வேண்டியது இரண்டாவது வினாவிலேயாம்.

2. மரபுவழி அறிவின் மூன்று படிகள்

மரபுவழி மருத்துவம் என்று பொதுப்படக் கூறும்போது நாம் வேறுபட்ட மூன்று விடயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றோம். முதலாவது, வீட்டு மருத்துவம். தடிமனுக்குக் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் கொடுத்தல், நொச்சியிலை போட்டு வேது பிடித்தல், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி முதலியன சேர்த்துப் பத்தியக்கறி ஆக்குதல் என்பன இவ்வகையின. இவ்வறிவை உடையவர்கள் பெரும்பாலும் பெண்கள். இதற்காக அவர்கள் ஒருபோதும் ஊதியம் பெற்றதில்லை.

இரண்டாவது, பரிகாரியாரின் மருத்துவம். முறிவு, விடக்கடி, குழந்தை நோய் எனத் துறை பிரித்துக் குடும்பவழி பேணப்பட்ட அறிவு இது. மூன்றாவது, நூல்வழி மருத்துவம். யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய நூல்கள் சித்த மரபுக்கு இங்கு வேரூன்றி நின்ற வளத்தைக் காட்டுவன. முஸ்லிம் மக்களிடையே யுனானி மரபு நிலைபெற்றது. சிங்கள மக்களிடையே ஆயுர்வேதமும் தேசிய சிகிச்சையும் வழங்கின. 1929இல் கொழும்பில் தொடங்கப்பெற்ற சுதேச மருத்துவக் கல்லூரியில் ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகிய மூன்றும் இடம்பெற்றன. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டமும் இவையனைத்தையும் 'ஆயுர்வேதம்' என்னும் ஒரே சொல்லின் கீழ்க் கொணர்ந்தது. மொழியாலும் மதத்தாலும் வேறுபட்ட மக்கள் கலந்து வாழும் கற்பிட்டிக் குடாநாட்டிலே இம்மரபுகள் ஒன்றையொன்று தொட்டும் கொடுத்தும் வாங்கியுமே வாழ்ந்திருக்க முடியும்.

இம்மூன்று படிகளையும் வேறுபடுத்தி அறிதல் வெறும் வகைப்படுத்தல் ஆகாது. தொழில் தொடங்குவோர் எதனை விற்கலாம், எதனை விற்கலாகாது என்பதை இவ்வேறுபாடே தீர்மானிக்கின்றது. பொதுவாக, முதற்படியைச் சேர்ந்தவை உணவுக்கு அண்மையன. அவற்றுட் பல தலைமுறை தலைமுறையாக அடுக்களையிற் புழங்கியவை. மூன்றாம் படியைச் சேர்ந்த பற்பம், செந்தூரம் முதலியன உலோகங்களையும் பாடாணங்களையும் கையாள்வன. 2004இல் வெளியான ஆய்வொன்றின்படி, அமெரிக்காவின் பொஸ்ரன் நகரப் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதிக்கப்பட்ட 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளுள் 14இல் ஈயம், பாதரசம், ஆசனிக்கு ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ காணப்பட்டன. பயிற்சி பெற்ற மருத்துவரின் கையில் இருக்கவேண்டியதைச் சிறுதொழில் செய்வோர் தொடுதல் தகாது.

மரபைப் போற்றும் ஆர்வத்தில் அதன் குறைகளை மறைத்தலும் முறையன்று. குடும்பத்துக்கு வெளியே சொல்லலாகாது என்னும் மறைபொருள் மனப்பான்மையால் எத்தனையோ கைமுறைகள் அவற்றை அறிந்தவரோடே மறைந்தன. பெண்களின் அறிவு 'பாட்டி வைத்தியம்' எனச் சிறுமைப்படுத்தப்பட்டது. ஆகவே நாம் மீட்க விழைவது பழைய உறவுகளை அல்ல. அவ்வுறவுகளுள் அடைபட்டிருந்த அறிவையே.

3. பண்டமாகும்போது நிகழ்வது

பரிகாரியாரிடம் மருந்து பெறுபவர் வெற்றிலையில் வைத்துக் கொடுத்தது காணிக்கை. அது விலை அன்று. அங்கு மருந்து ஒரு பயன். கடையிலே அது ஒரு பண்டம். பயனாக இருந்த ஒன்று பண்டமாக மாறும்போது அது மூவரிடமிருந்து பிரிகின்றது: நோயாளியிடமிருந்து, செடியிடமிருந்து, அறிந்தவரிடமிருந்து. இம்மூன்று பிரிவுகளையும் தனித்தனியே நோக்குவோம்.

நோயாளியிடமிருந்து பிரிதலாவது, நாடி பார்த்து, நாக்கு நோக்கி, வயதும் உணவும் வினவி அளவு குறித்துக் கொடுத்த கை அகன்று, எல்லோருக்கும் ஒரே அளவு கூறும் போத்தல் அவ்விடத்துக்கு வருதலாகும். அப்போத்தல் பேசுவது முகப்புச்சீட்டின் வாயாலேயே. அதனாற்றான் சீட்டில் எழுதப்படும் ஒவ்வொரு சொல்லும் பொறுப்புக்குரியதாகின்றது. 2020 திசெம்பரில் கொவிட் நோயைத் தடுக்கும் எனக் கூறப்பட்ட தேன் கலந்த பாணியொன்றைப் பெறுவதற்காகக் கேகாலைப் பகுதிக் கிராமமொன்றில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். நோய் பரவும் காலத்தில் அக்கூட்டமே ஓர் ஆபத்தாயிற்று. அப்பாணியைப் பகிரங்கமாக அருந்திய அன்றைய சுகாதார அமைச்சர் 2021 சனவரியில் அந்நோய்த் தொற்றுக்கு ஆளானார். இந்நிகழ்ச்சியால் மரபுவழி மருத்துவத்தின் மதிப்புக்கு நேர்ந்த இழுக்கு, அதன் எதிரிகளால் நேர்ந்ததன்று. ஆதரவாளரின் அவசரத்தால் நேர்ந்தது.

செடியிடமிருந்து பிரிதலாவது, பறித்தவர் ஒருவர், உலர்த்தியவர் ஒருவர், அரைத்தவர் ஒருவர் என ஆனபின், பொடியாகி வந்த பொருள் இன்ன செடிதான் என்று உறுதி கூற எவரும் இல்லாமற் போதலாகும். பெல்ஜியத் தலைநகர் பிரசல்சில் உடல் மெலிவதற்கான மருந்தகமொன்றில் சீன மூலிகை கலந்த குளிசைகளை உட்கொண்ட இளம் பெண்களின் சிறுநீரகம் பழுதுற்றமை 1993இல் வெளிப்பட்டது. பாதிக்கப்பட்டோர் தொகை பின்னர் நூறைக் கடந்தது. ஒத்த பெயர் காரணமாக ஒரு வேருக்குப் பதிலாக அரிஸ்டலோக்கியா இனத்து வேர் கலந்துவிட்டமையே இதற்கு ஏதுவாயிற்று. அவ்வேரில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைச் சிதைப்பதோடு புற்றுநோயையும் விளைவிக்கும். தமிழ் மருத்துவம் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் ஆடுதின்னாப்பாளையும் அந்த இனத்தைச் சேர்ந்ததே என்பது மனங்கொள்ளத்தக்கது. அம்மருந்தகம் நோய் தீர்க்கப் புறப்பட்டதன்று. 'நலவாழ்வு' விற்கப் புறப்பட்டது. இயற்கையானது எல்லாம் தீங்கற்றது என்னும் எண்ணமே அங்கு தோல்வியுற்றது.

செடியிடமிருந்து பிரிதலுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. சிங்கள மக்கள் 'பஸ்பங்குவ' என வழங்கும் ஐந்து சரக்குக் குடிநீர் கொத்தமல்லி, வேர்க்கொம்பு, பற்படாகம், கண்டங்கத்தரி, மரமஞ்சள் ஆகியவற்றாலானது. இவற்றுட் கொத்தமல்லி தோட்டப் பயிர். மரமஞ்சளோ ஈர வலயக் காடுகளில் மெல்ல வளரும் பெருங்கொடி. தண்டை வெட்டினாலன்றி மருந்து கிடையாது. வீட்டுக்கு வீடு சிறிதளவு பயன்படுத்திய காலத்தில் காடு அதனைத் தாங்கிற்று. தொழிற்சாலைகளின் தேவையையும் கொள்ளைநோய்க்காலத் தேவையையும் தாங்கும் ஆற்றல் அக்கொடிக்கு இல்லை. ஒரு முத்திரையின் வெற்றியே அதன் மூலிகையின் அழிவாக முடியலாம்.

4. அறிந்தவரின் பங்கு: காணி மக்களின் அனுபவம்

மூன்றாவது பிரிவே மிக நுண்ணியது. இதனை விளக்கத் தென்கேரளத்து அகத்தியமலைக் காடுகளில் வாழும் காணிப் பழங்குடி மக்களின் அனுபவத்தினும் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை. 1987இல் அக்காடுகளுக்கு ஆய்வுக்காகச் சென்ற அறிவியலாளர், தமக்கு வழிகாட்டிய காணி இளைஞர்கள் சிறு காய்களைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். வெளியாருக்குச் சொல்லலாகாது எனத் தயங்கிய பின்னரே அவர்கள் அச்செடியைக் காட்டினர். பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியற் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் அதனை அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றோடு சேர்த்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு 7 ஆண்டுகளுக்கு உற்பத்தி உரிமை வழங்கப்பட்டது. உரிமத் தொகை 10 இலட்சம் இந்திய ரூபா. விற்பனையில் உரிமைப்பங்கு 2 சதவீதம். இவ்விரண்டிலும் பாதி காணி மக்களுக்கு என முடிவாயிற்று. அதனைப் பெறுவதற்காக 1997இல் காணி மக்களின் நலநிதியம் பதிவு செய்யப்பட்டது. 1999இல் சுமார் 5 இலட்சம் ரூபா அந்நிதியத்தைச் சேர்ந்தது.

உயிர்ப்பல்வகைமை பற்றிய 1992ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை வலியுறுத்திய பயன்பகிர்வை உலகில் முதன்முதலாக நடைமுறைப்படுத்திய முயற்சிகளுள் ஒன்றாக இது பாராட்டப்பெற்றது. பாராட்டு நியாயமானதே. எனினும் கணக்கையும் நாம் நோக்க வேண்டும். 100 ரூபா விற்பனைக்கு உரிமைப்பங்கு 2 ரூபா. அதிற் காணி மக்களுக்கு 1 ரூபா. அறிவைத் தந்தவர்க்கு நூற்றில் ஒன்று என்பதே அன்று உலகம் மெச்சிய நீதியின் அளவு.

அவ்வொன்றும் சிக்கலின்றிக் கிடைத்துவிடவில்லை. காணி மக்கள் எல்லோரும் இம்முடிவில் கலந்துகொண்டாரல்லர். தம் குலத்தின் அறிவு தனியார் நிறுவனத்துக்கு விற்கப்படுவதை எதிர்த்து அவர்களுள் மருத்துவம் அறிந்த சிலர் 1995இலேயே குரல் எழுப்பினர். செடியைப் பயிரிட்டு விற்க முனைந்தபோது, காட்டிலிருந்து அதனை வெளியே கொண்டுசெல்வதற்கு வனத்துறை தடை விதித்தது. ஆராய்ச்சி நிறுவனம் வெளிநாட்டிற் பதிவு செய்யாதிருந்த 'ஜீவனி' என்னும் பெயரை அமெரிக்க நிறுவனமொன்று தன் வணிகக் குறியாகப் பதிவு செய்துகொண்டது. அறிவுக்குப் பங்கு கொடுத்தாயிற்று. பெயரைக் காக்க மறந்தாயிற்று.

இதில் இலங்கையர்க்கு ஒரு தனிப் பாடமும் உண்டு. அச்செடியின் தாவரவியற் பெயர் 'திரிக்கோப்பஸ் செய்லானிக்கஸ்'. பெயரின் பின்பாதி இலங்கையைக் குறிப்பது. இங்குள்ள காடுகளிலும் அது வளர்கின்றது. சிங்களத்தில் அதற்கு 'பிம்பொல்' என்பது பெயர். செடி இரு நாட்டுக்கும் பொது. களைப்பு நீக்கும் அதன் குணத்தை உலகுக்கு அறிவித்ததோ ஒரு சிறு மலைக்குடியே. மூலிகைத் தொழிலின் உண்மையான முதல் செடி அன்று, செடியைப் பற்றிய அறிவே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இதன் மறுதலையும் உண்மையே. காயத்துக்கு மஞ்சள் பூசுவதைப் புதிய கண்டுபிடிப்பெனக் கொண்டு 1995இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை, இந்திய அறிவியல் தொழில்துறை ஆராய்ச்சிக் கழகத்தின் எதிர்ப்பால் 1997இல் இரத்தாயிற்று. முன்னரே எழுத்தில் இருந்த சான்றுகளைக் காட்ட முடிந்தமையே வெற்றிக்குக் காரணம். எழுதப்படாத அறிவை எவரும் தமதெனலாம். ஆதலால் ஊரறிவை ஊரவரே பதிந்து வைத்தல் தொழிலுக்கு முற்பட்ட கடமையாகும்.

5. நான்கு முன்மாதிரிகள்

மரபுவழி அறிவைத் தொழிலாக்கியோர் கடந்த நூற்றாண்டுக்கு மேலாகப் பல வழிகளைக் கண்டுள்ளனர். அவற்றுள் நான்கினை இங்கு ஒப்பிடுவோம்.

முதலாவது, தனியார் முத்திரை. 1893இல் காசிநாதுனி நாகேசுவரராவ் பம்பாயிற் தொடங்கிய அமிர்தாஞ்சனம் இதற்குத் தக்க உதாரணம். ஒரே பொருள், ஒரே மணம், ஒரே நிறச் சீட்டு என்னும் எளிமையால் அது வீட்டுக்கு வீடு புகுந்தது. அதன் வருவாய் ஆந்திரப் பத்திரிகை என்னும் ஏட்டுக்கும் தேசிய இயக்கத்துக்கும் துணையாயிற்று. இலங்கையிலும் ஹெட்டிகொட குடும்பத்தாரின் மருத்துவ மரபிலிருந்து எழுந்த சித்தாலேப தைலம் இவ்வகையினதே.

இரண்டாவது, அறநிதியம். பி. எஸ். வாரியர் 1902இல் கோட்டக்கல்லில் ஆரிய வைத்தியசாலையை நிறுவினார். நோயாளி வீட்டிலே காய்ச்ச வேண்டியிருந்த கசாயங்களை ஆயத்த மருந்துகளாக ஆக்கி விற்றமை அவரது புதுமை. அதோடமையாது 1917இல் பாடசாலையும் 1924இல் இலவச வைத்தியசாலையும் அமைத்தார். 1944இல் அவர் மறைந்த பின் அவரது உயிலின்படி நிறுவனம் அறநிதியமாக நடைபெற்று வருகின்றது. விற்பனையும் சிகிச்சையும் கல்வியும் ஓரிடத்தில் இணைந்தமையால், போத்தலுக்குப் பின்னே மருத்துவர் எப்போதும் நின்றனர்.

மூன்றாவது, மருத்துவர் கூட்டுறவு. 1944இல் சென்னையில் உருவான இந்திய மருத்துவர் கூட்டுறவு மருந்து செய்நிலையத்தை 'இம்ப்காப்ஸ்' எனத் தமிழகத்தில் அறியாதார் இலர். சித்த, ஆயுர்வேத, யுனானி மருத்துவர்களே அதன் உறுப்பினர். தமக்கு வேண்டிய மருந்தைத் தாமே கூடிச் செய்துகொள்வது அதன் நோக்கம்.

நான்காவது, மூலிகை பறிப்போரின் நிறுவனம். 2000ஆம் ஆண்டில் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட கிராம மூலிகை நிறுவனத்தில், தென்தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களில் மூலிகை சேகரிக்கும் பெண்களின் குழுக்கள் பங்குதாரராயினர். அதுவரை இடைத்தரகர் கூறிய விலைக்குத் தலையசைத்தவர்கள், தரம் பிரிக்கவும், ஈரம் போக உலர்த்தவும், மருந்து நிறுவனங்களோடு நேரடியாக விலை பேசவும் கற்றனர்.

இந்நான்கினையும் ஒப்பிடும்போது ஓர் உண்மை புலனாகின்றது. முதல் இரண்டிலும் மூலிகை பறித்தவரின் கை கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்றாவதில் மருத்துவர் தோன்றுகின்றார். நான்காவதிலேயே பறித்த பெண் தோன்றுகின்றாள். நுரைச்சோலை போன்ற வறண்ட கரையோர ஊருக்கு நிலவியலாலும் சமூக அமைப்பாலும் அண்மையது நான்காவதே என்பது எமது கருத்து.

6. நுரைச்சோலையில் ஆகக்கூடியது

கொள்கையளவில் நின்றுவிடாது நடைமுறைக்கு வருவோம். இக்கரையோர வறண்ட நிலத்துக்கு இயைந்த மூலிகைகளுள் ஆவாரை முதன்மையானது. அதன் மஞ்சட் பூவை நிழலில் உலர்த்திக் கொதிநீரில் இட்டு அருந்தும் வழக்கம் சிங்களத்தில் 'ரணவரா' என்னும் பெயரால் நாடெங்கும் பரவியுள்ளது; தேநீர்க் கடைகளிலும் பொதிகளாகக் கடைகளிலும் அது விற்பனையாகின்றது. கற்றாழை இம்மணலில் எளிதில் வளர்வது. வேம்பும் நொச்சியும் எண்ணெய்க்கும் வேதுக்கும் உதவுவன. நன்னாரி வேர் குளிர்பானத்துக்கு ஏற்றது.

இவற்றோடு நாம் சிறப்பாகக் கருதுவது மகப்பேற்றுப் பராமரிப்பினை. பத்தியச் சரக்குகளை அளவறிந்து வறுத்து இடித்துத் தூளாக்குதல், தாய்க்கு எண்ணெய் பூசி வெந்நீர் வார்த்தல், பத்திய உணவு ஆக்கிக் கொடுத்தல் ஆகியன ஊர்ப்பெண்கள் நன்கறிந்த பணிகள். தாயும் பாட்டியும் அருகில் இல்லாத நகரக் குடும்பங்களுக்கு இவை இன்று பெருந்தேவை. இதுவரை கூலியின்றிச் செய்யப்பட்ட பெண்ணுழைப்பு ஊதியம் பெறும் தொழிலாக மாறுவதற்கு இது ஒரு வாயில். மருத்துவமனையின் ஆலோசனைக்கு இது துணையாதல் வேண்டும், மாற்றாதல் கூடாது. தாய்க்குக் காய்ச்சலோ குருதிப்போக்கோ காணின் சரக்குத்தூளை ஒருபுறம் வைத்துவிட்டு மருத்துவமனைக்கு அனுப்பும் தெளிவு பணிசெய்யும் பெண்ணுக்கு இருத்தல் இன்றியமையாதது.

தொழில் தொடங்குவோர் கவனிக்க வேண்டியன சில உள. முதலாவதாக, நிலம். இப்பகுதியின் மணல்மண் நீரையும் உரத்தையும் விரைவில் உள்ளிழுப்பது. இரசாயன உரம் மிகுதியாக இடப்படும் தோட்டங்களினடியில் நிலத்தடி நீரில் நைத்திரேற்று மிகுதல் கற்பிட்டிக் குடாநாட்டில் ஆய்வாளர் சுட்டிய பிரச்சினையாகும். அனல்மின் நிலையத்தின் நிலக்கரித் தூசு, சாம்பல் ஆகியன பற்றியும் அயலவர் பல ஆண்டுகளாக முறையிட்டு வந்துள்ளனர். எனவே, 'தூய கடற்கரை மூலிகை' எனச் சீட்டில் எழுதுமுன் மண்ணையும் நீரையும் இலையையும் ஆய்வுகூடத்திற் சோதித்தல் வேண்டும். சோதனை பாதகமாயின் மூலிகையை உள்ளூரில் வளர்க்காது வெளியிலிருந்து பெற்றுப் பதப்படுத்தலாம். சாதகமாயின் அச்சான்றே சிறந்த விளம்பரமாகும். சோதனையின் பெறுபேற்றை ஊரவரும் அறிதல் அவசியம். மூலிகை குடிப்பவருக்கு மட்டுமன்றி அக்காற்றைச் சுவாசிப்பவருக்கும் அது உரியது.

இரண்டாவதாக, செடி. காட்டுக் கற்றாழையையும் நன்னாரியையும் வேரோடு பிடுங்கி விற்றல் இரண்டொரு ஆண்டு வருவாய். அதன் பின் ஒன்றுமில்லை. பூவும் இலையும் பறிப்பதில் செடி மீளும். வேரும் தண்டும் வேண்டுமாயின் நட்டு வளர்த்த பின்னரே வெட்டுதல் முறை.

மூன்றாவதாக, சட்டம். ஆயுர்வேத மருந்தென விற்பதற்கு ஆயுர்வேதத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். உணவு அல்லது பானம் என விற்கப்படுவன 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கு அமைதல் வேண்டும். தேநீரை உணவென விற்றுக்கொண்டே நீரிழிவைத் தீர்க்கும் என வாயாற் கூறுதல் சட்டத்துக்கும் அறத்துக்கும் ஒருங்கே முரணானது. நீரிழிவுக்கான குளிசையை நிறுத்திவிட்டு ஆவாரம்பூ அருந்துபவர் ஒருவர் இழக்கக்கூடியது பணத்தை மட்டுமன்று, கண்ணையும் காலையுமாகும்.

நான்காவதாக, பங்கீடு. ஒரு பொதி 100 ரூபாவுக்கு விற்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். அதில் பறித்தவருக்கு எவ்வளவு, உலர்த்தியவருக்கு எவ்வளவு, செய்முறை சொன்ன மூதாட்டிக்கோ பரிகாரியார் குடும்பத்துக்கோ எவ்வளவு, பொதியும் போக்குவரத்தும் எவ்வளவு, முத்திரை உடையவருக்கு எவ்வளவு என்பதைத் தொழில் தொடங்கும் நாளிலேயே எழுதி அனைவரும் அறியச் செய்தல் வேண்டும். காணி மக்களுக்கு நூற்றில் ஒன்று கிடைத்தது. நுரைச்சோலையில் அது எத்தனையாக இருக்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பறிப்பவருக்கும் அறிந்தவருக்கும் இருக்குமாயின், எண்ணிக்கை எதுவாயினும் அது நீதிக்கு அண்மையதாகும்.

7. முடிவுரை

மரபுவழி மருத்துவம் சிறுதொழிலுக்கு ஊக்கந் தரவல்லது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஒன்றேகால் நூற்றாண்டு அனுபவம் அதனைத் தெளிவுறக் காட்டுகின்றது. ஆயின் 'பாட்டியின் அறிவு' என்று சீட்டில் அச்சிட்டுவிட்டுப் பாட்டிக்கு ஒன்றும் கொடாத தொழில், அவ்வறிவைப் பேணுவதாகாது. அதனை இன்னொரு முறை சுரண்டுவதாகும். பண்டமாகும்போது பிரிந்துபோகும் மூவரையும், அதாவது நோயாளியையும் செடியையும் அறிந்தவரையும், மீண்டும் ஒன்றிணைக்கும் அமைப்பே வேண்டப்படுவது. அளவான கூற்றால் நோயாளியும், நட்டு வளர்த்தலால் செடியும், நியாயமான பங்கால் அறிந்தவரும் காக்கப்படுவர்.

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் ஒரு பணி உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. அம்மாணவரும், தாவரவியல், இரசாயனவியல், பொருளியல் துறை மாணவரும் கற்பிட்டிக் கரையூர்களுக்குச் சென்று அங்குள்ள மூதாட்டியரின் வாய்மொழியை அவர்தம் இசைவோடும் அவர்தம் பெயராலும் பதிவு செய்தல் வேண்டும். செடியை இனங்கண்டு, மண்ணைச் சோதித்து, பெறுபேற்றை அவ்வூர் மக்களிடமே தமிழிலும் சிங்களத்திலும் கையளித்தல் வேண்டும். முத்திரை பின்னர் வரலாம். அது வரும்போது அதன் உரிமையாளர் பெயரில் அம்மூதாட்டியரின் பெயரும் இருத்தல் வேண்டும் என்பதே எமது துணிபு.